மண்டபத்துக்குக் கொடுக்கும் பணத்தில் எது திரும்பி வரும், எது வராது?

கேள்வி: தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். திருச்சியில் ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம். வாடகை 2,40,000 ரூபாய். இப்போது அட்வான்ஸ் 1 லட்சம், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு மீதி முழுவதும், சாவி வாங்கும்போது தனியாக 50,000 டெபாசிட் என்கிறார்கள். ரசீதின் அடியில் 'முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. இது எல்லா இடத்திலும் இருக்கும் நடைமுறைதானா? பணம் கட்டும் முன் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

பதில்:

தொகைகளை மட்டும் பார்த்தால் வழக்கத்தை மீறி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ரசீதின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான் பேசித் தீர்க்க வேண்டும். நான் 11 வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தேன். அதே வரி அச்சடித்த ரசீதை எத்தனையோ அப்பாக்களிடம் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தேதி கிடைத்த சந்தோஷத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், அதனால் நிறையச் செய்ய முடியும்.

மண்டபத்துக்குப் போகும் பணம் மூன்று வகை. தேதியைப் பிடித்து வைக்கக் கொடுப்பது அட்வான்ஸ். அது வாடகையில் கழியும். சேதம் வந்தால் ஈடுகட்டுவதற்காக அவர்கள் பிடித்து வைப்பது டெபாசிட். காஷன் டெபாசிட், காப்புத்தொகை என்றும் சொல்வார்கள். அது வாடகையில் கழியாது, உங்கள் பணமாகவே அவர்கள் கையில் இருக்கும், சேதம் இல்லையென்றால் முழுதாகத் திரும்ப வேண்டும். மூன்றாவது, கரண்ட், டீசல், கேஸ், கிளீனிங் என்று கல்யாணம் முடிந்த பிறகு வரும் கணக்கு. இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டால்தான் வம்பு.

என் கண் முன்னால் நடந்தது இது. எங்கள் ரசீதுப் புத்தகத்தில் அட்வான்ஸுக்கும் டெபாசிட்டுக்கும் ஒரே கட்டம்தான். எனக்கு முன்பு இருந்தவர் ஒரு குடும்பத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு 'டெபாசிட் 75,000' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் அப்பா, வாடகை முழுவதும் தனி, இந்த 75,000 திரும்பி வரும் என்றே நம்பியிருந்தார். சமையல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை அந்தப் பணத்தில் கணக்கு வைத்திருந்தார். பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்தவர், அந்தப் பணம் வாடகையில் கழிந்துவிட்டது என்று தெரிந்ததும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஒரு சொல் மாறிப்போனது, அவ்வளவுதான். மறுநாளே அந்தப் புத்தகத்தை மாற்றி இரண்டு கட்டம் போட்டு அச்சடிக்க வைத்தேன்.

இப்போது அந்த 'எக்காரணம் கொண்டும்' வரிக்கு வருகிறேன். அச்சடித்திருப்பதாலேயே அது சட்டமாகிவிடாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதைத் தொடுகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ், டெல்லி வளர்ச்சி ஆணையம் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொன்னது. அங்கே மனையை மறு ஏலத்தில் கூடுதல் விலைக்கு விற்றுவிட்ட ஆணையம், முதலில் ஏலம் எடுத்தவர் உறுதிக்காகக் கட்டியிருந்த முன்வைப்புத் தொகையையும் எடுத்துக்கொண்டது. நஷ்டமே இல்லாதபோது எதற்கு அந்தப் பணம் என்று கேட்டு, அதைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். நிலத்தைப் பற்றிய வழக்குதான், ஆனால் நீங்கள் விட்ட அதே தேதிக்கு மண்டபத்தில் இன்னொரு கல்யாணம் வந்துவிட்டால் நிலைமை கிட்டத்தட்ட அதேதான்.

தமிழில் நமக்கு அச்சாரம் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. வார்த்தை மாற மாட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம். விலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுப்பது முன்பணம். நம் தாத்தாக்கள் மாடு வாங்கும்போதே இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. மாட்டுக்காரரிடம் கொடுத்த அச்சாரத்தை, வாங்காமல் போனால் கேட்க மாட்டார்கள். நீதிமன்றமும் இந்தப் பிரிவினையை ஏற்கிறது. ஒப்பந்தம் நிறைவேறுவதற்கு உறுதியாகக் கொடுத்த பணத்தை மீறியவர் இழக்கலாம், வெறும் பகுதித் தொகையாகக் கொடுத்ததைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2012-ல் ஒரு வீடு விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எது எந்த வகை என்பதை, வைத்த பெயரைவிட ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பார்த்தே முடிவு செய்வார்கள். ஆகவே 1 லட்சம் முழுவதையும் அச்சாரம் போல நடத்த விடாதீர்கள். அதில் 10,000 அல்லது 15,000 மட்டும் பதிவுக் கட்டணம், எந்த நிலையிலும் திரும்பாது. மீதி வாடகையின் ஒரு பகுதி, கீழ்க்கண்ட நிபந்தனைப்படி திரும்பும் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மண்டபக்காரர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள், கேட்டால்.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மண்டபம் 365 நாளும் சம்பாதிப்பதில்லை. ஆடியும் மார்கழியும் காலி. புரட்டாசியில் பெரும்பாலோர் தொட மாட்டார்கள். மீதி மாதங்களில் முகூர்த்த நாட்கள் சில, அதிலும் எல்லோரும் கேட்பது வளர்பிறை முகூர்த்தம். அப்படி ஒரு நாளைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நீங்கள் விட்டால் அந்த நாள் போனது போனதுதான். பத்து நாளில் யாரும் புதிதாகக் கல்யாணம் நிச்சயிக்க மாட்டார்கள். ஆனால் ஏழெட்டு மாதம் முன்பே சொல்லிவிட்டால் ஒரே வாரத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். என் முன்பதிவு நோட்டில் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு நேராக, இடம் காலியானால் கூப்பிடச் சொல்லி மூன்று நான்கு போன் நம்பர் எப்போதும் பென்சிலில் எழுதியிருக்கும். அதனால் பிடித்தம் காலத்தைப் பொறுத்துக் கூட வேண்டும். நான் நியாயம் என்று நினைப்பது இப்படி: 6 மாதத்துக்கு முன் ரத்து செய்தால் பதிவுக் கட்டணம் மட்டும் போகட்டும், 3 முதல் 6 மாதம் என்றால் அட்வான்ஸில் கால் பங்கு, 1 முதல் 3 மாதம் என்றால் பாதி, கடைசி ஒரு மாதத்தில் அட்வான்ஸ் முழுவதும். இதோடு இன்னொரு வாக்கியமும் கட்டாயம் வேண்டும்: 'அதே தேதிக்கு மண்டபம் வேறொருவருக்கு வாடகைக்குப் போனால், பதிவுக் கட்டணம் தவிர மற்ற தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்.' இந்த வாக்கியத்துக்கு மறுப்புச் சொல்ல எந்த மேனேஜருக்கும் நியாயமான காரணம் கிடையாது.

அது எழுதப்படாமலே போய், நிஜமாகவே ரத்து செய்ய வேண்டி வந்து, பணம் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டால் ஒன்று செய்யுங்கள். அந்தத் தேதியில் மண்டப வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வாழை மரம் கட்டி, மணமக்கள் பெயர் போட்ட போர்டு வைத்திருந்தால், தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு நஷ்டம் இல்லை என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை.

அடுத்தது தவணை. இப்போது 1 லட்சம், ஒரு மாதம் முன்பு மீதி முழுவதும் என்பதில் எனக்கு முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. ஒரு மாதம் முன்பே முழுப் பணமும் போய்விட்டால், அதன் பிறகு ஏசி வேலை செய்யவில்லை, லிப்ட் ஓடவில்லை என்று சொல்ல உங்கள் கையில் எந்தப் பிடியும் இல்லை. பத்திரிகை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்ட பிறகு மண்டபத்தை மாற்றவும் முடியாது. அது அவர்களுக்கும் தெரியும். ஒரு மாதம் முன்பு இன்னொரு 1 லட்சம், சாவி வாங்கும் அன்று பாக்கி என்று கேளுங்கள். சாவி கைமாறும் நேரத்தில் பாக்கியைக் கொடுப்பதால் அவர்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை; பணம் வராமல் கதவு திறக்கப் போவதில்லை. உங்களுக்கோ, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கொடுக்க ஒரு வாய்ப்பு.

வரியைப் பற்றி இப்போதே கேட்டுவிடுங்கள். மண்டப வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2,40,000-க்கு 43,200, ஆக மொத்தம் 2,83,200. சேவைக்கான அட்வான்ஸ் வாங்கும்போதே அந்தத் தொகைக்கு உரிய வரியை அவர்கள் கணக்கில் காட்ட வேண்டும், அதற்கு ரசீதும் தர வேண்டும். நீங்கள் கொடுக்கும் 1 லட்சம் வரி சேர்த்தா, வரி தனியா என்று கேளுங்கள். வரி சேர்த்து என்றால் அதில் வாடகை 84,746, வரி 15,254; பாக்கி 1,83,200. வரி தனி என்றால் இன்று 1,18,000 கொடுப்பீர்கள், பாக்கி 1,65,200. இரண்டிலும் மொத்தம் ஒன்றுதான். ஆனால் எது என்று எழுதாமல் விட்டால், இன்று 1 லட்சத்தை வரி சேர்த்து என்று வாங்கிக்கொண்டு, கடைசியில் 2,40,000 முழுவதற்கும் மறுபடி வரி போட்டுக் கேட்கும் குழப்பம் வரும். நான் பார்த்திருக்கிறேன். டெபாசிட்டுக்கு வரி கிடையாது. திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளாதவரை அது சேவைக்கான விலையாகாது என்று ஜி.எஸ்.டி. சட்டமே சொல்கிறது. 50,000-க்கும் 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 15 இலக்கம், தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33 என்று தொடங்கும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் பதிவு கட்டாயமில்லை, அதனால் சிறிய ஊர் மண்டபங்களில் எண் இல்லாமலே இருக்கலாம். அப்படியானால் அவர்கள் வரி வசூலிக்கவும் கூடாது. எண் இல்லாமல் வரி மட்டும் கேட்பது தவறு. அறநிலையமாகப் பதிவான அமைப்பு நடத்தும் கோயில் வளாகத்து மண்டபம் என்றால், நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும்போது வரி விலக்கு உண்டு.

'பில் வேண்டாம் என்றால் வரி இல்லாமல் முடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு பேச்சு வரும். 43,200 மிச்சம் என்று மனசு அலைபாயும். ஒப்புக்கொள்ளாதீர்கள். வரி ஏய்ப்பு என்பது ஒரு பக்கம். உங்களிடம் ரசீது இல்லையென்றால், நாளை மண்டபம் கைமாறினாலோ, தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலோ நீங்கள் பணம் கொடுத்ததற்கே சாட்சி இல்லை. இதில் வருமான வரிச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. ஒரு நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2017 ஏப்ரலிலிருந்து இருக்கும் விதி இது. ஐம்பது ஐம்பதாயிரமாகப் பிரித்து வெவ்வேறு நாளில் கொடுத்தாலும் ஒரே கல்யாணம் என்பதால் எல்லாம் சேர்த்தே கணக்கு. அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. அதனால் பேங்க் டிரான்ஸ்பர் என்று நீங்கள் சொன்னால் அவர்களுக்கும் நல்லது. அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் 'மண்டப வாடகை அட்வான்ஸ்' என்று மணமகள் பெயருடன் போடுங்கள்.

ரசீது யார் பெயரில் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரும் பாதிப் பாதி போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. பணத்தைக் கொடுப்பது இருவர், ரசீது ஒருவர் பெயரில். நிச்சயம் முடிந்து கல்யாணம் நின்றுபோன இரண்டு குடும்பங்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, திரும்பிய பணம் யாருக்கு என்று கேட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. மண்டபம் ரசீதில் உள்ள பெயருக்குத்தான் கொடுக்க முடியும். இருவர் பெயரையும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவதில் யாருக்கும் மனத்தாங்கல் வர வேண்டியதில்லை.

தேதியை எழுதும்போது நாள் மட்டும் போதாது. முகூர்த்தம் விடியற்காலை என்றால் மண்டபத்துக்குள் போவது முந்தின நாள். 28-ஆம் தேதி கல்யாணம் என்று ரசீதில் 28 மட்டும் இருந்தால், 27 மாலை ரிசப்ஷனை வேறொருவருக்குக் கொடுத்திருக்கும் மண்டபங்களும் உண்டு. '27 மதியம் 3 மணி முதல் 28 மதியம் 3 மணி வரை' என்று மணி நேரத்தோடு எழுத வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேரம் எடுத்தால் எவ்வளவு, டெக்கரேஷன் ஆட்கள் காலையிலேயே உள்ளே வரலாமா, ஏசி எத்தனை மணி நேரம் வாடகையில் அடக்கம், எத்தனை ரூம், டைனிங் ஹாலில் ஒரு பந்திக்கு எத்தனை பேர் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வெளியிலிருந்து சமையல்காரரையோ டெக்கரேஷன் ஆட்களையோ கூட்டி வந்தால் ராயல்டி என்று ஒரு தொகை கேட்கும் மண்டபங்கள் இருக்கின்றன. அது உண்டா, எவ்வளவு என்று அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள். பின்னால் தெரிந்தால் வாடகை மலிவு என்று நினைத்ததெல்லாம் வீண். சில ஹோட்டல்களில் பாட்டுப் போடுவதற்கு லைசென்ஸ் பணமும் கேட்பார்கள். கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களில் பாட்டு ஒலிப்பது காப்புரிமை மீறலாகாது என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

டெபாசிட்டுக்கு வருவோம். பெரும்பாலான மனஸ்தாபம் இங்கேதான், கல்யாணம் முடிந்த மதியம். முகூர்த்தம், பந்தி, மறுவீட்டுக்கு அனுப்புவது என்று எல்லாம் முடித்துப் பெண்ணின் அப்பா தூக்கமில்லாத கண்ணோடு ஆபீஸுக்கு வருவார். மணி இரண்டரை. மூன்றுக்குக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தாளை நீட்டினால் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் செட்டில்மென்டுக்கு அப்பாவையோ உங்களையோ வைத்துக்கொள்ளாதீர்கள். மேடையில் வேலை இல்லாத, கணக்கு பார்க்கத் தெரிந்த ஒரு சித்தப்பாவையோ தாய்மாமாவையோ முன்பே சொல்லி வையுங்கள். தாய்மாமாவுக்கு மாலை மாற்றும்போது வேலை இருக்கும். அதற்கு முன்பும் பின்பும் அவர் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் செய்ய வேண்டியது சாவி வாங்கும்போதே தொடங்குகிறது. மேனேஜரோடு போய் ஈபி மீட்டரை போட்டோ எடுக்க வேண்டும். ஜெனரேட்டர் பேனலில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கும். அதையும் எடுக்க வேண்டும். உள்ளே போகும்போது ரீடிங் 48,310, வெளியே வரும்போது 48,955 என்றால் 645 யூனிட். யூனிட் 20 ரூபாய் என்று பேசியிருந்தால் 12,900. அந்த யூனிட் விலை முன்பே தாளில் இருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு 20 எப்படி 28 ஆனது என்று கேட்டுப் பயனில்லை. முந்தின கல்யாணத்தின் டெக்கரேஷன் ஆட்கள் உங்கள் நேரத்தில் லைட்டை எரியவிட்டுக் கழற்றிக்கொண்டிருந்தால் அந்த யூனிட்டும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் அவர்கள் வெளியே போன பிறகு ரீடிங் எடுங்கள்.

பாத்திர ரூமிலும் எண்ணி வாங்க வேண்டும். அண்டா, தவலை, கரண்டி, ஜக்கு, டம்ளர் என்று மண்டபத்தில் ஒரு லிஸ்ட் இருக்கும். சமையல்காரர் எண்ணி வாங்கினார் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு அது நஷ்டம் இல்லை. ஏற்கெனவே உள்ள சேதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடைச் சுவரில் ஆணி ஓட்டை, ரூம் எண் 4-ல் உடைந்த கண்ணாடி, கை கழுவும் இடத்தில் கழன்ற குழாய், ஹோமப் புகை படிந்த மேல்தளம். ஒரு தாளில் எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்கினால் மறுநாள் அதற்குப் பிடித்தம் செய்ய முடியாது. நான் மேனேஜராக இருந்தபோது இப்படிக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. எனக்கும் அது பாதுகாப்பு; உடைந்த கண்ணாடிக்கு முதலாளி என்னைக் கேட்டால், முந்தின கல்யாணத்திலேயே உடைந்தது என்று தாளைக் காட்டுவேன்.

கிளீனிங் என்ற பெயரில்தான் அதிகம் போகும். வாடகையிலேயே கிளீனிங் அடக்கமா, எச்சில் இலை, குப்பை அகற்ற வண்டிக்குத் தனியா என்று கேட்டுத் தொகையை எழுதி வாங்குங்கள். டெபாசிட் அன்றே திரும்பி வருமா, எத்தனை நாளில், எந்த அக்கவுண்டுக்கு, பிடித்தம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பில் உண்டா என்பதும் வேண்டும். டெபாசிட்டைச் செக்காகக் கொடுத்தால் பின்பக்கம் 'மண்டபக் காப்புத்தொகைக்கு மட்டும்' என்று எழுதி, அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இரண்டு மூன்று சங்கடமான நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன், கல்யாண வீட்டில் பேச மனம் வராது என்றாலும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தேதியைத் தள்ளித்தான் வைக்க வேண்டியிருக்கும், சில குடும்பங்களில் ஒரு வருடம் வரை. அப்போது ரத்து என்று எழுதாதீர்கள், தேதி மாற்றம் என்று எழுதுங்கள். 12 மாதத்துக்குள் ஒரு முறை தேதி மாற்றலாம், கட்டிய தொகை அப்படியே புதிய தேதிக்குப் போகும், வாடகை ஏறியிருந்தால் வித்தியாசம் மட்டும் என்று முன்பே ஒரு ஷரத்து இருந்தால் துக்க வீட்டில் யாரும் பணத்துக்குச் சண்டை போட வேண்டியதில்லை.

மண்டபமே கைவிட்டால்? ஒரே தேதியை இருவருக்குக் கொடுப்பது, உரிமம் இல்லை என்று சீல் வைப்பது, விற்றுவிடுவது எல்லாம் நடக்கிறது. ரசீதில் உங்கள் மீறலுக்கு மட்டும் தண்டனை இருக்கும், அவர்கள் மீறினால் என்ன என்று ஒரு வரிகூட இருக்காது. கட்டிய பணம் முழுவதும் 7 நாளில் திரும்பும், வேறு மண்டபத்துக்கு ஆகும் கூடுதல் வாடகையையும் அவர்களே ஏற்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். யார் மேலும் தவறு இல்லாமல் நடத்தவே முடியாமல் போகும் நிலையும் உண்டு. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது மண்டபங்கள் மூடிக் கிடந்தன, பிறகு திறந்தபோதும் கல்யாணத்துக்கு 50 பேர்தான். நடத்தவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. அந்தக் காலத்து அட்வான்ஸ் வழக்குகள் நுகர்வோர் ஆணையங்களுக்குப் போயின. பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன உத்தரவுகளும் வந்தன.

ஆணையம் என்றதும் பயப்பட வேண்டாம். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஒரு கடிதம்: எப்போது எவ்வளவு கட்டினோம், எந்தத் தேதியில் ரத்தைத் தெரிவித்தோம், எவ்வளவு திரும்ப வேண்டும், 15 நாளில் தாருங்கள். ரத்தை வாய்ச் சொல்லாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்; கடிதம் போய்ச் சேர்ந்த தேதிதான் 6 மாதமா, 3 மாதமா என்பதைத் தீர்மானிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மண்டபம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். இழப்புக்குச் சம்பந்தமில்லாமல் அபராதம் போடுவதையும், அளவு மீறி டெபாசிட் கேட்பதையும் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு மதுரையிலும் அமர்வு இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு மாவட்ட ஆணையமே போதும்.

நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்பதால் இவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்று நினைக்கிறேன். மண்டபத்துக்குப் போகும்போது தனியாக ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் தயாரித்துக்கொண்டு போக வேண்டாம். அதைப் பார்த்தாலே மேனேஜர் முதலாளியைக் கேட்க வேண்டும் என்பார், தேதி தள்ளிப்போகும். அவர் கிழிக்கும் அதே ரசீதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ஏழெட்டு வரி எழுதச் சொல்லுங்கள்: மணி நேரத்தோடு தேதி, வரி சேர்த்து மொத்தம், மூன்று தவணை, ரத்துக்கு எவ்வளவு பிடித்தம், தேதி மாற்றம், யூனிட் விலை, கிளீனிங், டெபாசிட் திரும்பும் நாள். முன்பக்கத்தில் 'எக்காரணம் கொண்டும்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'பின்பக்க நிபந்தனைக்கு உட்பட்டு' என்று எழுதிச் சுருக்கொப்பம். பின்பக்கம் மண்டப முத்திரையும் கையெழுத்தும். முத்திரை வைத்துக் கொடுத்த பிறகு 1 லட்சத்தை அனுப்புங்கள்.